புள்ளி விட்ட இடம்

காட்டுப்பள்ளிக் குப்பம்,
15-6-1968

திருவள்ளூர் பெண்கள் விடுதி அம்மா ஜானகியம்மாள் அவர்களுக்கு, செண்பகத்தின் தாய் கங்கம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம். தங்கள் சுகத்துக்குச் சாமியை வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் பிள்ளையையும் கொண்டு வருபவர் என் வீட்டுக்காரர் திருமலை. அவருக்குப் புது ஆளிடம் பேச வராது, அதனால் எழுதி அனுப்புகிறேன். அவர் கையில் ஒரு பற்பொடி டப்பி இருக்கும். அதில் எண்ணி நூற்றுப் பதினைந்து மாத்திரை வைத்திருக்கிறேன். செண்பகத்துக்குக் கொஞ்சம் தலை சுற்றல் உண்டு, அதற்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இராத்திரி சோற்றுக்குப் பிறகு ஒரு மாத்திரை. கால மாத்திரை கஞ்சி குடித்ததும் பள்ளிக்கூடம் போகுமுன். ஒரு வேளையும் தவறக் கூடாது. டப்பியைப் பெரிய டீச்சர் கையில் கொடுக்காமல் தங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. பிள்ளைகளைக் கோயில் குளத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போவீர்கள் என்று கேள்விப்பட்டேன். செண்பகத்தை அனுப்ப வேண்டாம். சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். கிணற்றடிக்கும் தனியாக விட வேண்டாம்.

பிள்ளையைத் தங்கள் மடியில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கங்கம்மாள் (கைநாட்டு)

எழுதியது: தபால்காரர் அரசப்பன். குப்பத்துக்கு வாரம் இருமுறை வருகிறேன். படகில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து ஆடும். புள்ளி விட்ட இடங்களில் அம்மா அவர்கள் கூட்டிப் படித்துக்கொள்ளவும்.

~

திருவள்ளூர்,
25-6-1968

திருமதி கங்கம்மாள் அவர்களுக்கு ஜானகி எழுதுவது. செண்பகம் சௌக்கியம். நானும் சௌக்கியம். உங்கள் இருவர் உடல்நிலை பற்றி எழுதுங்கள்.

கடிதத்தில் பாதிப் புள்ளிகள் இல்லை. அரசப்பன் சொன்னபடி கூட்டிப் படித்துக்கொண்டேன், சிரமமில்லை.

மாத்திரைகளைப் பற்பொடி டப்பியிலிருந்து எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, மருந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தகர டப்பி துருப்பிடிக்கும். அலமாரியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்பதால் எறும்பு ஏறாது. சாவி என் இடுப்பைவிட்டு இறங்காது. நாற்பத்தாறு பெண்களில் ஒன்பது பேருக்கு மருந்து உண்டு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் கையால் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். பதினோரு வருடமாக ஒரு தவறு நடந்ததில்லை.

செண்பகம் முதல் நாள் காலை, "இத்தினியா? ஊட்ல துண்டுதான் குடுப்பாங்க" என்று சிணுங்கினாள். மாத்திரை என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். விழுங்க வைத்துவிட்டேன்.

குளத்துக்கு அனுப்பவில்லை. கடலோரத்துப் பெண்ணுக்குத் தண்ணீர் ஆகாதா என்று ஆயாக்கள் சிரிக்கிறார்கள்.

டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் அனுப்பி வையுங்கள். பாட்டிலோடு சேர்த்து வைப்பது என் வழக்கம்.

அன்புடன்,
ஜானகி

~

காட்டுப்பள்ளிக் குப்பம்,
9-7-1968

ஜானகியம்மாள் அவர்களுக்குக் கங்கம்மாள் வணக்கம். சுகத்துக்குக் குறைவில்லை. தங்களுக்கும் குறைவு வரக் கூடாது.

அம்மா கடிதத்தை அரசப்பன் அண்ணன் இரண்டு தடவை படித்துக் காட்டினார். அலமாரிக் காலுக்குத் தண்ணீர் வைத்ததைக் கேட்டு என் வீட்டுக்காரர், "கெட்டிக்கார அம்மாதான்" என்றார். அவர் வாயைத் திறந்ததே அதிசயம். பிள்ளை சிணுங்கினால் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு உண்டு.

குளத்து விஷயத்தில் தங்களுக்குப் புண்ணியம்.

இறால் பொடி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். விடுதியில் கவுச்சி ஆகாது என்றால் ஆயாக்களுக்குக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
கங்கம்மாள் (கைநாட்டு)

~

திருவள்ளூர்,
28-7-1968

திருமதி கங்கம்மாள் அவர்களுக்கு. இங்கே யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

இறால் பொடிக்கு நன்றி. ஆயாக்களுக்குக் கொடுக்கவில்லை, நானே சாப்பிட்டேன்.

சீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

மாத்திரை இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். அதற்குள் அனுப்பிவிடுங்கள்.

வேறொன்றும் கேட்க வேண்டும். செண்பகம் வகுப்பில் தூங்குகிறாள். காலையில் முதல் இரண்டு மணி நேரம் கண்ணே திறப்பதில்லை. பிள்ளைகள் அவளைத் தூங்குமூஞ்சி என்கிறார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொள்வதுகூட இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. கணக்கு எடுக்கும் கிரேஸ் டீச்சர் எழுப்பி நிறுத்தினால், நின்றுகொண்டே சாய்கிறாள். "இது படிக்கற பொண்ணு இல்லம்மா" என்று தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்கள். வீட்டிலும் இப்படித்தானா?

அன்புடன்,
ஜானகி

~

காட்டுப்பள்ளிக் குப்பம்,
5-8-1968

ஜானகியம்மாள் அவர்களுக்குக் கங்கம்மாள் வணக்கம். உடம்பு சுகம். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

நூற்றைம்பது மாத்திரை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்த மறுநாளே மீன் கூடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பட்டணம் போய் வாங்கி வந்தேன்.

விடுதியில் எலித் தொல்லை உண்டா? சும்மா கேட்கிறேன்.

பிள்ளை தூங்குகிறது என்று எழுதியதைக் கேட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்: "எங்க ஊட்ல அது ஒரு நிமிசம் குந்தாதும்மா. படகு மேல ஏறும், வலை மேல ஏறும், கூரை மேல ஏறிக் குந்திக்கினு அங்கேருந்து என்னையே அதிகாரம் பண்ணும். அத்தப் போயி தூங்குமூஞ்சின்றாங்களா?"

அம்மா, கோபத்தில் சொல்லவில்லை. என்ன ஆனாலும் பிள்ளையை இங்கே அனுப்பிவிடாதீர்கள். அடி வாங்கினாலும் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கங்கம்மாள் (கைநாட்டு)

~

திருவள்ளூர்,
30-9-1968

திருமதி கங்கம்மாள் அவர்களுக்கு. செண்பகத்துக்குக் காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லை. உங்கள் நலம் அறியக் காத்திருக்கிறேன்.

எலி இல்லை. ஏன் கேட்டீர்கள் என்று தெரியவில்லை.

காலாண்டு லீவுக்கு எல்லாப் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செண்பகம் வாசற்படியில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டாள். "நைனாவுக்கு எறா சீசன், அதான் வரல" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. காலாண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தவறிவிட்டாள். தமிழ்த் தாளில் பெயரை எழுதிவிட்டு அதன் மேலேயே தலை வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு அவளைப் பெட்டியோடு அழைத்துப் போகும்படி உங்களுக்கு எழுதச் சொல்லித் தலைமையாசிரியை உத்தரவு. அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

நான் அவகாசம் கேட்டேன். "எதுக்கு ஜானகியம்மா? காரணம் சொல்லுங்க" என்றார்கள். என்னிடம் காரணம் இல்லை. உங்களிடம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அந்தச் சீட்டையும் அனுப்புங்கள்.

ஜானகி

~

பழவேற்காடு,
9-10-1968

ஜானகியம்மாள் அவர்களுக்குத் தபால்காரர் அரசப்பன் வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முழங்கால் வலிதான்.

இருபத்திரண்டு வருடமாகக் குப்பத்துக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் சொல்லாததை நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

தங்கள் கடிதத்தைப் படித்தபோது கங்கம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய் மிளகு டப்பியைக் கொண்டு வந்து, அதன் அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இன்னா எழுதட்டும் கங்கம்மா?" என்றேன்.

"ஒண்ணும் எழுதாத. இத்த மட்டும் வச்சி அனுப்பு."

வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருப்பதால் என்னால் படிக்க முடியாது. ஆனால் என்ன நோய் என்று எனக்குத் தெரியும், குப்பத்துக்கே தெரியும். பிள்ளைக்கு வலிப்பு. போன வருடம் இரண்டு முறை வந்தது. இரண்டும் தண்ணீரில். ஒரு முறை திருமலையின் படகு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் சத்தமே இல்லாமல் சரிந்துவிட்டாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். மறு முறை கையால் இறால் தடவிப் பிடிக்கிற இடத்தில், முழங்கால் ஆழத் தண்ணீர்தான். குப்புற விழுந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கங்கம்மாளின் தங்கை பார்த்திருக்காவிட்டால் பிள்ளை இல்லை.

எங்கள் ஊரில் நாலு பக்கமும் தண்ணீர். வாசலைத் தாண்டினால் தண்ணீர். படிக்க வைக்க வேண்டும் என்றா திருவள்ளூருக்கு அனுப்பினார்கள்? தண்ணீர் இல்லாத ஊராகத் தேடித்தான் அனுப்பினார்கள். சேர்க்கும் தாளில் வலிப்பு உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதியது நான். கைநாட்டு வைத்தது அவர். லீவுக்கு ஏன் அழைக்கவில்லை என்பது இப்போது தங்களுக்குப் புரியும்.

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அரசப்பன்

~

திருவள்ளூர்,
14-10-1968

அன்புள்ள கங்கம்மாளுக்கு. செண்பகம் நன்றாக இருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்கும்படி அரசப்பனைக் கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டைப் பன்னிரண்டாம் தேதி எடுத்துக்கொண்டு இங்குள்ள டாக்டரிடம் போனேன். இரவு ஒன்று, காலையில் கால் என்று படித்தார். "இல்லை, காலையிலும் ஒன்று" என்றேன். அவர் சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, "கால்" என்று மறுபடி சொன்னார்.

திரும்பி வந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கால மாத்திரை என்று இருக்கிறது. ல மேல் புள்ளி இல்லை. நான் அன்றைக்குக் காலை என்று படித்தேன். லை எழுத்தோடு சேர்த்துப் போடும் யானைத் துதிக்கை போன்ற கோட்டை அரசப்பன் படகு ஆட்டத்தில் விட்டுவிட்டார் என்று எண்ணி, நானே அதை மனதில் போட்டுக்கொண்டேன். காலை மாத்திரை என்றால் ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டேன். நூற்றுப் பத்தொன்பது நாள் கால் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று கொடுத்திருக்கிறேன். பிள்ளை தூங்கியது அதனால்தான்.

இதில் அரசப்பனுக்குப் பழி இல்லை. சீட்டு வராமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி, அதை நானே மீறினேன். அதைவிடப் பெரிது, செண்பகம் முதல் நாளே சொன்னாள். ஊட்ல துண்டுதான் குடுப்பாங்க என்று. நான் வாயைத் திற என்றேன். உங்களுக்கு அதைப் பெருமையாக எழுதவும் செய்தேன்.

ஒரேயடியாகக் குறைத்தால் வலிப்பு வரலாம் என்றார் டாக்டர். அதனால் இப்போது காலையில் அரை. இரண்டு வாரம் கழித்துக் கால்.

தலைமையாசிரியையிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன், நோயையும் என் தவற்றையும். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். மறைத்துச் சேர்த்ததற்குக் கோபப்பட்டார்கள். அதற்கு மேல் என் மீது. "பதினோரு வருஷம்னு நீங்க சொல்லாத நாளே இல்லையே" என்றார்கள். நான் சாவியை அவிழ்த்து மேசை மேல் வைத்தேன். அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இப்போது சாவி கிரேஸ் டீச்சரிடம்.

தீபாவளிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அரையாண்டுப் பரீட்சை வரை பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

ஜானகி

~

திருவள்ளூர்,
11-11-1968

அன்புள்ள கங்கம்மாளுக்கு. உங்கள் ஊர்ப் பக்கம் மழை பலம் என்று சொல்கிறார்கள். எல்லோரும் பத்திரமா?

நான்கு வாரமாகப் பதில் இல்லை. படகு ஓடவில்லையா, கோபமா என்று தெரியவில்லை. கோபம் என்றாலும் நியாயம்தான்.

தீபாவளிக்குப் பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். இந்த வருடம் போகவில்லை. விடுதியில் நாங்கள் இரண்டு பேர்தான். எண்ணெய் வைத்துச் சொம்பில் மொண்டு ஊற்றினேன். "போதும்மா, கண்ணு எரியுது, இன்னா பேஜாரு இது" என்று கொல்லை முழுக்க ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது காலையில் கால். மாத்திரை தீர்ந்ததும் சீட்டைக் காட்டி இங்கேயே வாங்கினேன். பிளேடால் நான்காக வெட்டுகிறேன். ஒரு துண்டு தெறித்துப் போனால் வேறு வெட்டுகிறேன். நீங்கள் வீட்டில் எப்படி வெட்டினீர்கள்?

நேற்று வேப்பமரத்தில் ஏறி, தூங்குமூஞ்சி என்று முதலில் சொன்ன பெண்ணின் மேல் குச்சி ஒடித்து எறிந்திருக்கிறாள். கண்டித்தேன். மரம் ஏறக் கூடாது என்றும் சொன்னேன்.

ஜானகி

~

காட்டுப்பள்ளிக் குப்பம்,
3-12-1968

ஜானகி அக்காவுக்குக் கங்கம்மாள் எழுதிக்கொள்வது. மழையில் கூரை போனது, ஆள் சுகம். அக்கா சுகமா?

ஒரு மாதத்துக்கு மேல் படகு விடவில்லை. அக்கா கடிதம் இரண்டும் ஒன்றாக வந்தன. அரசப்பன் அண்ணன் முதல் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு நிறுத்திவிட்டார். "புள்ளி வெக்காத பாவி நான்தான்" என்று படகில் போய்க் குந்திக்கினார். இழுத்து வந்து மீதியைப் படிக்க வைத்தேன்.

கோபம் இல்லை அக்கா. கோபப்பட எனக்கு வாயில்லை. நான் கொடுத்த நூற்றுப் பதினைந்து மாத்திரை மூன்று மாதத்துக்கு வர வேண்டும். நான் மீன் எண்ணுகிறவள், எண்ணிக்கை தப்பாது. இரண்டு மாதம் ஆகுமுன் தீர்ந்துவிடும் என்று எழுதினீர்கள். அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அக்கா மேல் சந்தேகம் என்று ஆகிவிடும், பிள்ளையை அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்து, எலி உண்டா என்று கேட்டேன். சீட்டையும் மறைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் பிள்ளை கண்ணைத் திறந்திருக்கும்.

நான் அருவாமனை முனையில் வைத்துத் துண்டு போடுவேன். மாத்திரையை ஈரத் துணி மேல் வைத்தால் தெறிக்காது. வெட்டியதும் வெயிலில் ஒரு நிமிடம் காட்டவும்.

சாவியை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
கங்கம்மாள் (கைநாட்டு)

~

திருவள்ளூர்,
22-12-1968

அன்புள்ள கங்கம்மாளுக்கு. இருவரும் நலம். கூரை போட்டாயிற்றா?

ஈரத் துணி வைத்தியம் பலித்தது. ஒன்றும் தெறிக்கவில்லை.

அரையாண்டு முடிவு வந்தது. தமிழில் ஐம்பத்திரண்டு. மற்றவற்றில் தேறினாள். கணக்கில் முப்பத்தொன்று, தேறவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். புரட்டிப் பார்த்தார்கள். "முழிச்சிக்கிட்டே வாங்கின முப்பத்தொண்ணு. இருக்கட்டும்" என்றார்கள். சேர்க்கும் தாளை வரவழைத்து, இல்லை என்று இருந்ததை அடித்து, உண்டு என்று அவர்கள் கையாலேயே எழுதினார்கள். செண்பகம் இங்கேதான் படிப்பாள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தனியாக வேண்டாம் என்றேன். இப்போது கிரேஸ் டீச்சர் சீட்டை உரக்கப் படிக்கிறார்கள், நான் எடுக்கிறேன், எத்தனை என்று பிள்ளை சொன்ன பிறகுதான் கொடுக்கிறேன். ஒன்பது பேருக்கும் அப்படியே. செண்பகம் எல்லோருக்கும் கேட்கும்படி, "ராத்திரி முழுசு, காலைல கால்" என்று கத்துகிறாள். மறைக்க வேண்டியது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு அவளை அழைத்துப் போகச் சொல்லித் திருமலையை அனுப்புங்கள். ஒரு வாரம்தானே. மருந்து தவறாமல் போகிறது. நீங்கள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்வீர்கள். அவள் உங்களைப் பார்க்க வேண்டும்.

ஜானகி

~

காட்டுப்பள்ளிக் குப்பம்,
21-1-1969

ஜானகி அக்காவுக்குக் கங்கம்மாள் எழுதிக்கொள்வது. சுகத்துக்குச் சுகம். அக்கா எங்கள் பொங்கலுக்கு இல்லை என்பதுதான் குறை.

ஒரு வாரமும் பிள்ளை என் முந்தானையைத் தாண்டவில்லை. தாண்ட விடவில்லை. ஒரு நாள் மட்டும் நைனா மடியில் உட்கார வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, படகில் ஒரு சுற்று கூட்டிப் போனார். நான் கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பட்டணத்து டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புகிறேன். சீட்டு புதிதாக எழுதித் தருவார், அதைப் பிள்ளை கையிலேயே கொடுத்து விடுகிறேன். அளவு மாறாது என்று நினைக்கிறேன். இராத்திரி ஒரு மாத்திரை. காலையில் கால் மாத்திரை.

இப்படிக்கு,
கங்கம்மாள் (கைநாட்டு)

அரசப்பன் எழுதுவது: இந்தக் கடிதத்தைப் படகில் எழுதவில்லை, தரையில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து மட்டும்தான் என்னுடையது. புள்ளிகளை நான் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் கங்கம்மாள் வைத்தார். பேனா பிடித்துப் பழக்கமில்லாததால் ஒன்றிரண்டு வேறிடத்தில் விழுந்திருக்கும், நான் அழிக்கவில்லை. கால் என்ற சொல்லின் மேல் வைத்தது கொஞ்சம் பெரிதாக, தாள் மறுபக்கம் வரை ஊறியிருக்கும். அந்த இடத்தில் அவர் பேனாவை எடுக்க நேரமாயிற்று.